நிற்கும்போது மட்டும் கடகடக்கும் கார்

“ஓடும்போது ஒண்ணும் தெரியலண்ணா. ஆஃப் பண்ணாம நிறுத்தி வெச்சாத்தான் கடகடன்னு கேக்குது.”

சங்கராபுரத்தில் ஒரு கார் பட்டறை வாசலில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு எப்படியும் ஒரு முறை காதில் விழும். சொல்கிறவர் முகத்தில் கவலை இருக்கும். இன்ஜின் போய்விட்டதா, எவ்வளவு வைக்கப் போகிறது, முகூர்த்த நாளுக்குள் வண்டி கைக்கு வருமா என்ற கவலை. இந்தப் பக்கத்தில் ஓடும் கார்களில் பல, சென்னையிலோ பாண்டிச்சேரியிலோ யாரோ ஒருவரிடம் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டு, செகண்ட் ஹேண்டாக ஊர் வந்து சேர்ந்தவை. முந்தைய சொந்தக்காரர் எந்த ஆயிலை ஊற்றினார், எப்போது மாற்றினார் என்பது வாங்கியவருக்குத் தெரியாது. அதனால் சின்னச் சத்தம் கேட்டாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்தக் கலக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஐட்லிங்கில் வரும் கடகடப்புக்குக் காரணமாக இருக்கக்கூடியவை பத்துக்கும் மேல். துருப்பிடித்த ஒரு போல்ட்டாகவும் இருக்கலாம், இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டிய பேரிங்காகவும் இருக்கலாம். பழகாத காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் ஸ்பேனரை எடுப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. பணம் வீணாவதும், நல்ல பாகங்கள் குப்பைக்குப் போவதும், சில சமயம் நல்ல இன்ஜினே சாவதும் அதனால்தான்.

ஐட்லிங்கில் மட்டும் ஏன் இந்தச் சத்தம்? நிற்கும் கார் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்குப் பதின்மூன்று சுற்று. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை எரிபொருள் வெடிக்கும். ஆக, நொடிக்கு இருபத்தாறு, இருபத்தேழு அடி. மூன்று சிலிண்டர் என்றால் இருபதுதான். இந்த வேகத்தில் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக இன்ஜினை உலுக்குகிறது. தளர்ந்து நிற்கும் ஒரு தகட்டின் இயல்பான அதிர்வு இதோடு ஒத்துப்போனால் தகடு துள்ள ஆரம்பிக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அடிகள் நெருங்கிவிடும், ஒத்திசைவு கெடும், சத்தம் மறையும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 தொடங்கி இன்றைய சின்ன கார்கள் பலவும் மூன்று சிலிண்டர்தான். அவை நிற்கும்போது கொஞ்சம் ஆடுவது அவற்றின் பிறவிக் குணம். பக்கத்து வீட்டு நான்கு சிலிண்டர் காரோடு ஒப்பிட்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் ஆயில். ஆயில் பம்ப் இன்ஜின் சுற்றோடு சேர்ந்து சுற்றுவது. சுற்று குறைந்தால் அழுத்தமும் குறையும். சூடேறிய இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போதுதான் ஆயில் அழுத்தம் மிகக் கீழே இருக்கும். ஆயிலை நம்பி இயங்கும் செயின் டென்ஷனர், ஹைட்ராலிக் டாப்பெட், கிராங்க் பேரிங் எல்லாம் தங்கள் தேய்மானத்தை அந்த நேரத்தில்தான் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது காரணம் எளியது: நிற்கும்போது காற்றின் இரைச்சலும் ரோட்டின் இரைச்சலும் இல்லை, நம் காதுக்கு வேறு வேலையும் இல்லை.

ஆகவே முதல் கேள்வி “எந்தப் பாகம்?” என்பதாக இருக்கக்கூடாது. “எப்போது?” என்பதே முதல் கேள்வி. இரவு முழுக்க ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளிலா, சூடேறிய பிறகா? ஏ.சி. போட்டால் கூடுகிறதா? கிளட்ச்சை மிதித்தால் மாறுகிறதா? லேசாக ரேஸ் கொடுத்தால் மறைகிறதா, கூடவே வேகமாகிறதா? இதற்குப் பதில் சொல்ல ஒரு ரூபாய் செலவில்லை. பதிலோடு பட்டறைக்கு வருகிறவர் பாதி வேலையை முடித்துவிட்டு வருகிறார்.

அடுத்தது காது. 1816-ல் பாரிஸில் லென்னக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்தது. நம் மெக்கானிக்குகள் அதையே நீளமான ஸ்க்ரூ டிரைவரில் செய்கிறார்கள். முனையை ஆல்டர்னேட்டரின் உடம்பிலும், கைப்பிடியைக் காதோரத்திலும் வைத்தால் உள்ளே பேரிங் உறுமுவது தனியாகக் கேட்கும். தகடுகளைத் தேட ஒரு முழ ரப்பர் ஹோஸ் போதும். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையை மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஓடும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் செய்கிற வேலை இது. தோளில் துண்டோ, தொங்கும் சட்டைக் கையோ, கழுத்துச் செயினோ கூடவே கூடாது.

இப்போதெல்லாம் செல்போனில் சத்தத்தைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பி “என்னண்ணா பிரச்சினை?” என்று கேட்கிறார்கள். போனின் மைக் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. தொடர்ந்து வரும் இரைச்சலை அதுவே அமுக்கிவிடும். அடித்தொண்டைச் சத்தம் அதில் ஏறாது. பேரிங் தட்டுவது போனில் டாப்பெட் தட்டுவது போலக் கேட்கும். எப்போது வருகிறது என்று காட்ட அந்தப் பதிவு உதவும். அதை மட்டும் கேட்டு யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

தேடலை வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோக வேண்டும். முதலில் தகடு. சைலன்சர் குழாயின் சூடு மற்ற பாகங்களைத் தாக்காமல் இருக்க மெல்லிய தகடுகளைப் பொருத்தியிருப்பார்கள். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. கன்வர்ட்டர் கடுமையாகச் சூடேறும் என்பதால் அதைச் சுற்றியும் தகடு வந்தது. தகட்டைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டுகள் சூட்டிலும் ஈரத்திலும் துருப்பிடித்து, தலை உதிர்ந்துபோகும். அப்புறம் தகடு தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல அதிரும்.

இந்த ஊர்க் கார்களில் இப்படிச் சத்தம் வர மலையும் ஒரு காரணம். கல்வராயன் மலையின் சின்னக் கல்வராயன் பகுதி ஏறத்தாழ 2700 அடி உயரம், பெரிய கல்வராயன் 4000 அடி. கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் வளைவுக்கு வளைவு முதல் கியர், இரண்டாம் கியர் என்று இன்ஜின் முக்கி இழுக்கும். இன்ஜின் மவுண்டிங் ரப்பர்கள் இரண்டு பக்கமும் முறுக்கி நெளியும். உள் கிராமங்களுக்குப் பிரியும் கரடுமுரடான பாதைகளில் கல் தெறித்துச் சைலன்சரிலும் தகட்டிலும் அடிக்கும். மழைக்காலத்தில் அப்படிப் போய்வந்த காரை ஒரு முறை அடியில் குனிந்து பார்ப்பது எல்லாருக்கும் நல்லது.

என் பழைய டீசல் காருக்கு நேர்ந்ததும் இதுதான். வெள்ளிமலை போய்வந்த மறுவாரம் கடகடப்பு தொடங்கியது. முதலில் காட்டிய பட்டறையில் பெல்ட்டையும் டென்ஷனர் புல்லியையும் மாற்றினார்கள். சத்தம் நிற்கவில்லை. ஒரு மவுண்டிங்கையும் மாற்றினார்கள். இன்ஜின் ஆட்டம் கொஞ்சம் குறைந்ததே தவிர கடகடப்பு அப்படியே இருந்தது. அடுத்து டைமிங் செயின் என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்டுப் பயந்து, சின்னப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். வயதான மெக்கானிக் வண்டியை ஆறவிட்டார். அடியில் படுத்து, ரப்பர் சுத்தியலால் சைலன்சரை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அதே கடகடப்பு கேட்டது. தகட்டின் போல்ட் ஒன்று இல்லை. துளை தின்றுபோயிருந்ததால் புது போல்ட்டும் நிற்காது. பெரிய ஸ்டீல் ஹோஸ் கிளிப்பைத் தகட்டைச் சுற்றிப் போட்டு முறுக்கினார். கால் மணி நேர வேலை. கிளிப்புக்கு மட்டும் காசு வாங்கினார். கண்டுபிடித்ததற்கு என்ன தரட்டும் என்றேன். “பாத்ததுக்கெல்லாம் காசா சார்?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தகட்டைத் தட்டியும் சத்தம் பிடிபடாவிட்டால் கன்வர்ட்டரையே தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி உடைந்திருந்தால் சில்லுகள் குலுங்குவது தெரியும். இதற்குக் கிளிப் வைத்தியம் இல்லை. உடைந்த சில்லுகள் வழியை அடைத்தால் வண்டி இழுவையும் குறையும்.

மவுண்டிங்கைப் பார்க்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விட வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று இன்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னால் மட்டும் நிற்கவே கூடாது. ரப்பர் கிழிந்திருந்தால் இன்ஜின் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். ஹைட்ராலிக் மவுண்டிங் என்றால் உள்ளிருக்கும் திரவம் கசிந்த கறையும் இருக்கும்.

பெல்ட் பக்கத்துச் சத்தமா என்பதை உறுதிசெய்ய ஒரு நேரடி வழி உண்டு. வெளிப்பக்க பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓடவிடலாம். சத்தம் போய்விட்டால் அந்த பெல்ட்டோடு ஓடும் ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரசர், டென்ஷனர், ஐட்லர் புல்லி போன்றவற்றுள் ஒன்று. ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பார்த்தால் சொரசொரப்பு தெரிந்துவிடும். சத்தம் அப்படியே இருந்தால் இந்தக் கூட்டம் மொத்தமும் நிரபராதி. ஒன்றையும் மாற்ற வேண்டாம். பல கார்களில் வாட்டர் பம்பும் இந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது. அதனால் அரை நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. என் காருக்கு முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஒரு பெல்ட்டும் ஒரு புல்லியும் மிஞ்சியிருக்கும்.

கிளட்ச் சோதனை அதைவிட எளிது. நியூட்ரலில் கிளட்ச்சை மிதித்ததும் கடகடப்பு நின்றால் கியர் பாக்ஸ் பக்கம், முக்கியமாக இன்புட் ஷாஃப்ட் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள வண்டியில் அதன் உள் ஸ்பிரிங் தளர்ந்தாலும் ஐட்லிங்கில் இப்படிக் கடகடக்கும். இன்ஜினை ஆஃப் செய்யும் கணத்தில் ஒரு கனத்த குலுக்கல் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இதுவரை சொன்னவை எல்லாம் இன்ஜினுக்கு வெளியே. உள்ளே போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டைமிங் செயின். நம் ஊர் டாக்சிகளின் கதை இதில் இருக்கிறது. 1248 சி.சி. ஃபியட் மல்டிஜெட் டீசல் இன்ஜின் 2007-ல் மாருதி ஸ்விஃப்டில் வந்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா. டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் என்ற பெயரில். ஃபியட்டின் சொந்த புன்ட்டோ, லீனியாவிலும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களை நிறுத்திக்கொண்டது. ஆனால் அந்த இன்ஜின்கள் தெருவை விட்டுப் போய்விடவில்லை. சென்னையில் ஓடியவை செகண்ட் ஹேண்டாகச் சின்ன ஊர்களில் ஓடுகின்றன. டைமிங் பெல்ட் மாற்றும் செலவில்லை என்பதே செயின் இன்ஜினின் பெருமை. அந்தச் செயினைக் காப்பது ஆயில் என்பது பலருக்கும் சொல்லப்படவில்லை. செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. ஆயில் கருத்துக் குழம்பாகிவிட்டால் அதன் நுண்துளைகள் அடைபடும். செயினின் கண்ணிகள் தேய்ந்து நீளும். நீண்ட செயின் கவரில் உரசிக் கடகடக்கும். அந்த நிலையில் செயின் ஒரு பல் தாண்டினாலே டைமிங் தவறும். மேலும் தாண்டினாலோ அறுந்தாலோ பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜின் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூவுக்கும் செயின் தலைவலி கொடுத்திருக்கிறது. அவர்களுடைய என்47 டீசல் இன்ஜினில் செயினைக் கியர் பாக்ஸ் பக்கம் வைத்ததால், அதை மாற்றுவதற்கே பெரிய பிரிப்பு வேலை தேவைப்பட்டது.

ஆனால் காலையில் முதல் இரண்டு மூன்று நொடி மட்டும் கடகடத்துவிட்டு அடங்கினால் உடனே செயின் என்று முடிவுகட்டக் கூடாது. ஆயில் ஃபில்டருக்குள் ஒரு சின்ன ரப்பர் வால்வு உண்டு. வண்டி நிற்கும்போது ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுப்பது அது. மலிவான ஃபில்டரில் அது சரியாக மூடாது. இரவில் ஆயில் வடிந்துவிட்டால், காலையில் அழுத்தம் ஏறும்வரை டென்ஷனர் தளர்ந்தே இருக்கும். நல்ல ஃபில்டரும் கம்பெனி சொன்ன தரத்தில் ஆயிலும் போட்டுச் சில காலைகள் கேட்டுப் பார்க்கலாம். அப்போதும் நீடித்தாலோ, சூடான பிறகும் வந்தாலோ கவரைத் திறக்க வேண்டியதுதான். திறந்தால் செயினை மட்டும் மாற்றி மூடக்கூடாது. டென்ஷனர், கைடு, பல் சக்கரம் எல்லாம் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அடுத்தது டாப்பெட். அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகளின் காது இதில்தான் பழகியது. ஃபீலர் கேஜை விட்டு இடைவெளி பார்த்து, நட்டை முறுக்கி, சத்தத்தைக் கேட்டே சரிசெய்வார்கள். 2014-ல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. இன்றைய இன்ஜின்களில் பலவற்றுக்கு ஹைட்ராலிக் டாப்பெட், சிலவற்றுக்கு ஷிம். ஆனாலும் “டாப்பெட் சத்தம்” என்பது எல்லாத் தட்டலுக்கும் பொதுப்பெயராக நின்றுவிட்டது. உண்மையான டாப்பெட் சத்தம் மெலிதாக, டிக் டிக் என்று, இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து வரும். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், 800 சுற்று ஐட்லிங்கில் ஒரு வால்வின் தட்டல் நொடிக்கு ஏழுக்கும் குறைவு. தையல் மிஷினை மெதுவாக மிதிப்பது போன்ற தாளம்.

டீசலில் நாசிலும் தட்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் ஒவ்வொரு நாசிலின் குழாய் நட்டாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தினால் தட்டல் மாறுகிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை காமன் ரயில் வண்டிக்குக் கொண்டுவரவே கூடாது. கார் டயரில் காற்றழுத்தம் 2 பாரை ஒட்டியது. மல்டிஜெட்டின் ரயில் குழாயில் 1600 பார் வரை ஏறும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கும். ஊசி குத்திய அளவுதான் புண் தெரியும், ஆனால் விரலையே இழக்க நேரிடும். அப்படிப் பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காமன் ரயிலில் ஸ்கேனரில் நாசிலை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் அதே விடை கிடைக்கும். பட்டறைப் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது பெரியவர்களின் கடமை.

கடைசியாக, யாரும் கேட்க விரும்பாத சத்தம். கனத்த, ஆழமான டக் டக். ரேஸ் கொடுத்தாலும் மறையாது, கூடவே வேகமாகும், சுமை ஏறினால் பலக்கும். பிக் எண்ட் பேரிங் தேய்ந்த சத்தம் அது. இதோடு ஆயில் விளக்கும் எரிந்தால் வீடுவரை ஓட்டிப்போய்விடலாம் என்று எண்ணவே கூடாது. அந்த விளக்கு எரிவதே அழுத்தம் மிகவும் கீழே இறங்கிய பிறகுதான். அந்த இடத்திலேயே ஆஃப் செய்து, ஆயில் குச்சியைப் பார்த்து, வண்டியைக் கட்டி இழுத்துவர வேண்டும். கிராங்க் கெடாதிருந்தால் பேரிங்கோடு போகும். சீஸ் ஆகிவிட்டால் எல்லாம் போகும். கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கி வண்டியை விற்றுவிடுகிறவர்களும் உண்டு. வாங்கப் போகிறவர்கள் ஆறிய இன்ஜினைத் தாங்களே ஸ்டார்ட் செய்து பார்ப்பது அதனால்தான் அவசியம். போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடலாம்.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். பாகத்துக்குப் பணம் தருகிறோம், மாட்டிய கூலிக்கும் தருகிறோம். ஒரு மணி நேரம் கேட்டு, படுத்து, தட்டி, “ஒன்றும் மாற்ற வேண்டாம், கிளிப் போதும்” என்று சொல்கிறவருக்குத் தருவதில்லை. அவரும் கேட்கக் கூச்சப்படுகிறார். மாற்றினால் வருமானம், கண்டுபிடித்தால் வெறும் நன்றி என்ற இந்த ஏற்பாடுதான் பாகங்களை ஊகித்து மாற்ற வைக்கிறது. எல்லாப் பட்டறைகளும் ஏமாற்றுகின்றன என்று சொல்வது அநியாயம். தேடும் நேரத்துக்குக் கூலி இல்லாத இடத்தில் நேர்மையான மெக்கானிக்கும் அவசரப்படுவார். ஸ்கேனரும் இதைத் தீர்க்காது. மிஸ்ஃபயரையும் சென்சார் கோளாறையும் அது சொல்லும். போல்ட் உதிர்ந்த தகட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அங்கே காதுதான் வேண்டும். அந்தக் காது பல வருடப் பழக்கத்தில் வந்தது. அதற்கு மதிப்பில்லை என்றால் அடுத்த தலைமுறைப் பையன் அதைப் பழக மாட்டான்.

அதனால் கார் வைத்திருக்கும் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கடகடப்பு வந்தால் வண்டியை முந்தின மாலையே பட்டறையில் விடுங்கள். மறுநாள் காலை உங்கள் முன்னால் முதல் ஸ்டார்ட் நடக்கட்டும். “கண்டுபிடிச்சுச் சொல்றதுக்கு எவ்வளவுண்ணா?” என்று முதலில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒன்றுமே மாற்ற வேண்டாம் என்று அவர் சொன்னால், பேசிய கூலியை முழுதாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.